மாடி வீட்டு நாய்

பொய் சொல்கிறோம் என்று எங்கள் ஓனரம்மாவுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. கேட்டவர் மனம் குளிர ஒரு பதில் சொல்கிறோம், அவ்வளவுதான். ஆம்பூரில் அவர் வீட்டு மாடியில் நான் குடியிருந்த காலத்தில் அந்தக் குளிர்ச்சியை நானே நிறைய அனுபவித்திருக்கிறேன்.

வீடு பார்க்கப் போன அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. "தண்ணி எப்டிம்மா?" என்று கேட்டேன். "எந்நேரமும் வரும்" என்றார். குடிவந்த பிறகுதான் தெரிந்தது, ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதுவும் கோழி கூவும் நேரத்தில் கொஞ்சமாக வந்துவிட்டு நின்றுபோகும். சண்டைக்குப் போனேன். அவர் புளி கரைத்துக்கொண்டே நிதானமாகக் கேட்டார்: "நீ எந்நேரமும் வூட்ல இருக்கியா? கம்பெனிக்குப் போய்டற. நீ இருக்கறப்போ வருதா இல்லையா, அத சொல்லு." இவரிடம் வாயைக் கொடுத்து மீள முடியாது என்று அன்றைக்கே புரிந்துகொண்டிருக்க வேண்டும். புரியவில்லை, என் தலையெழுத்து.

இதற்கெல்லாம் அவர் படித்த பள்ளிக்கூடம் வேறு. ஓய்வு பெறும்வரை ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவர். எங்கள் பக்கத்தில் ஷூ கம்பெனி என்றால் ஆடிட்டும் இருக்கும். சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள், இங்கே தொழிலாளிகளை நல்லபடியாக நடத்துகிறார்களா என்று பார்க்க ஆள் அனுப்புவார்கள். ஆள் வருகிறார் என்றால் கக்கூஸுக்கு வெள்ளையடிப்பார்கள். குடிதண்ணீர்க் குழாய்ப் பக்கத்தில் புது டம்ளர் முளைக்கும். பீரோவுக்குள் தூங்கிய கையுறைகள் எல்லாம் வெளியே வந்து கைகளில் ஏறிக்கொள்ளும். அதோடு, என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகையும் நடக்கும். நான் வேலை பார்த்தது வேறொரு கம்பெனி ஆபீசில். அந்த ஒத்திகைக்குக் கேள்வி பதில் டைப் அடித்துக் கொடுத்த புண்ணியம் எனக்கும் உண்டு.

அந்த வகுப்பில் ஓனரம்மாதான் முதல் ரேங்க். ஆடிட் என்றாலே அவரை முன்வரிசையில் உட்கார வைத்துவிடுவார்களாம். "ஓவர்டைம் பண்ணச் சொல்லிக் கட்டாயப்படுத்துவாங்களா?" என்று ஒருமுறை கேட்டதற்கு, "ஓவர்டைமா? அப்டின்னா இன்னா சார்?" என்று இவர் திருப்பிக் கேட்டிருக்கிறார். கேட்டவர் உருகிப்போய்விட்டாராம். அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவர் முகம் பெண்ணுக்கு நகை போட்டு அனுப்பிய தாய் முகம் மாதிரி பூரிக்கும்.

"கேக்கறவன் எத கேட்டுட்டுப் போவணும்னு வந்திருக்கானோ அத சொல்லிட்டா அவனும் நிம்மதியா போவான், நாமளும் நிம்மதியா வேலைய பாக்கலாம். இதுல பொய் எங்க வந்துது?" என்பார். அவருடைய வேதம் அதுதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிக்கிற வேதம் வேறு.

அந்த சர்ச்சையும் அவர் விட்டுவைக்கவில்லை. "போன வாரம் உங்கள காணோமே?" என்று பாஸ்டர் கேட்டால், "பின்னாடிதான் ஐயா இருந்தேன். உங்க பிரசங்கத்துல அழுவ வந்துடுச்சி, அதான் முடியறதுக்குள்ள எழுந்து போய்ட்டேன்" என்பார். பாஸ்டருக்கு அன்றைக்கு முழுக்கக் கால் தரையில் படாது. இவர் போன வாரம் திமிரியில் சொந்தக்காரர் வீட்டு விருந்தில் எலும்பு கடித்துக்கொண்டிருந்தவர்.

மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தான். ஒரே பிள்ளை. அப்பா இல்லாத வீடு என்பதால் சாயந்தரமானால் தவறாமல் போன் செய்வான். "நல்லா இருக்கியா? மாத்திர போட்டியா? கேட்ட பூட்டிட்டியா?" கேள்விகள் மாறாது. ஓனரம்மா பக்கத்து வீட்டு ஷமீம் அக்காவின் வாசலில் நின்றுகொண்டு, "நல்லா இருக்கேன், போட்டுட்டேன், பூட்டிட்டேன், படுக்கப் போறேன்டா" என்று ஒரே மூச்சில் முடிப்பார். "ஆடிட் முடிஞ்சிது" என்று போனை இடுப்பில் செருகிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து ஊர்க்கதையைத் தொடர்வார்.

சாம்பிள் வந்தது இந்த வீட்டுக்குத்தான். பைபாஸில் வண்டி அடித்துப் போட்டுவிட்டுப் போன நாய். குட்டைக் கால், நீள முதுகு. யாரோ ஆசைப்பட்டு வாங்கி, ஆசை தீர்ந்ததும் ரோட்டில் இறக்கிவிட்டுப் போன ஜாதி. நசுங்கிய முன்னங்கால் ஒன்றை எடுக்க வேண்டியதாகிவிட்டது. கம்பெனியில் மாதிரிக்குச் செய்யும் ஷூவை ஒற்றைக் காலுக்குத்தான் செய்வார்கள், அதற்கு ஜோடி இருக்காது. அதனால் அந்தப் பெயர்.

மகனுக்கு நாய் என்றால் ஆகாது. "இன்னாம்மா, வூட்ல நாய் கொரைக்குது?" என்று போனில் கேட்டான். ஓனரம்மா கண்ணை இமைக்கவில்லை. "மாடி வூட்டுப் பொண்ணோட நாய்டா. தனியா இருக்கா, பாவம், போவட்டும்னு வுட்டுட்டேன்."

நான் அப்போது பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். இப்படித்தான், கீரை ஆய்ந்த கையோடு, ஒரு நாய்க்குச் சொந்தக்காரி ஆனேன். அதற்குப் பிறகு மகன் ஊருக்கு வரும்போதெல்லாம் "உங்க நாய் எப்டி இருக்கு சிஸ்டர்?" என்று என்னிடம் விசாரிப்பான். நானும் "நல்லா இருக்கு" என்பேன். அந்தப் பக்கத்தில் சாம்பிள் ஓனரம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்.

மூன்று காலில் அது ஓடுவதைப் பார்த்தால் நாலாவது கால் எதற்கு என்றுதான் தோன்றும். ஒரு மழைக்காலத்தில் அந்த ஓட்டம் நின்றது. குனிந்து தின்னாது. தூக்கப் போனால் அலறும். முதுகை வளைத்துக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கும். நடந்தால் பின்னங்கால் இரண்டும் பின்னிக்கொள்ளும்.

ஊரில் புதிதாகக் கிளினிக் வைத்திருந்த டாக்டரம்மா, ஆட்டோவில் நாயைக் குலுக்கிக்கொண்டு வர வேண்டாம் என்று அவரே ஸ்கூட்டியில் வந்தார். சின்னப் பெண். ரொம்ப நேரம் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முதுகெலும்புக்கு நடுநடுல ஜவ்வு மாதிரி டிஸ்க்குனு ஒண்ணு இருக்கும்மா. அது பிதுங்கி உள்ள போற நரம்ப அமுக்குது. மத்த நாய்ங்க முன்னங்கால் ரெண்டுலயும் பாரத்த போட்டு சமாளிக்கும். இதுக்கு அந்த வசதியும் இல்ல."

"ஆபரேசனா டாக்டரம்மா?"

"அதுக்கு சென்னைக்குப் போவணும். கால்ல உணர்ச்சி நல்லா இருக்கு, அதனால மொதல்ல வலிக்கு மாத்திரையும் ரெஸ்ட்டும் குடுத்துப் பாப்போம். ரெஸ்ட்டுன்னா கண்டிப்பா ரெஸ்ட். சின்னதா ஒரு கூண்டு, அதுக்குள்ளயே இருக்கணும். சோபா கூடாது, படி கூடாது, குதிக்கக் கூடாது. ஒண்ணுக்கு ரெண்டுக்கு மட்டும் வயித்துக்கு அடியில துண்ட குடுத்துத் தூக்கிப் புடிச்சி வெளிய கூட்டிட்டுப் போங்க. உடம்பு எளைக்கணும். டைல்ஸ் வழுக்கும், எதையாவது விரிச்சி வைங்க. ஒழுங்கா இருந்தா சரியாய்டும். இல்லன்னா பின்னங்கால் ரெண்டும் போய்டும்."

எல்லாவற்றுக்கும் ஓனரம்மா "செய்றோம் டாக்டரம்மா" என்றார். அந்தக் குரல் எனக்குத் தெரியும். குழாய்ப் பக்கத்தில் புது டம்ளர் வைக்கிற குரல்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். கம்பெனியில் தெரிந்தவர்களைப் பிடித்து, ஷூவுக்கு அடிப்பாகம் வெட்டுகிற ரப்பர் ஷீட்டுகளை வாங்கி ஹால் முழுக்க விரித்தார். வழுக்கவே வழுக்காது. அது மட்டும் உண்மை. கூண்டு, பக்கத்து வீட்டு ஷமீம் அக்காவின் கோழிக்கூண்டு. கழுவித் துடைத்து, உள்ளே பழைய போர்வை விரித்து, சாம்பிளை உள்ளே விட்டார். அது போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக் குழந்தை எழுந்து அழுதது. ஓனரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "பச்ச புள்ளய ஜெயில்ல போட்ட மாதிரி இருக்குது" என்று தூக்கி வந்து சோபாவில் படுக்க வைத்தார். அன்றிலிருந்து இருவரும் சேர்ந்து சீரியல் பார்த்தார்கள், சேர்ந்து பிரியாணி சாப்பிட்டார்கள். டாக்டரம்மாவின் ஸ்கூட்டி ஹாரன் தெருமுனையில் கேட்டால் மட்டும் சாம்பிள் கூண்டுக்குப் போகும். பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம், மடித்து வைத்த துண்டு, சுத்தமான விரிப்பு. வெளிநாட்டிலிருந்து ஆள் வந்திருந்தால் சர்டிபிகேட்டே கொடுத்திருப்பார்.

"கூண்டுலயே இருக்குதாம்மா?"

"கூண்ட வுட்டா அதுக்கு வேற உலகம் தெரியாது."

"சாப்பாடு?"

"வேக வெச்ச பூசணிக்கா, ஒரு கை சாதம். அதுவே ஜாஸ்தின்னு வுட்டுடுது."

அந்த நேரம் பார்த்து சாம்பிள் ஒரு ஏப்பம் விட்டது. ஹால் முழுக்கப் பட்டை லவங்கம் மணத்தது.

"எடை கொறையலையே?" என்றார் டாக்டரம்மா.

"எலும்பு கனம் டாக்டரம்மா. அது ஜாதி அப்டி."

டாக்டரம்மா போன பிறகு நான் பொரிந்து தள்ளினேன். "அவங்க ஆடிட்டர் இல்லம்மா, டாக்டரு!" என்றேன். "நோட்டும் பேனாவும் எடுத்துட்டு வந்து கேள்வி கேட்டா எல்லாம் ஒண்ணுதான். பாரு, எவ்ளோ சந்தோசமா போறாங்க" என்றார். டாக்டரம்மா நிஜமாகவே சந்தோஷமாகத்தான் போனார். மாத்திரை வேலை செய்ததில் வலி அடங்கி, சாம்பிளும் நன்றாக இருப்பதுபோல்தான் தெரிந்தது. இவ்வளவு ஒழுங்காக ரெஸ்ட் எடுக்கிற நாயைத் தான் பார்த்ததே இல்லை என்று மாத்திரையைக் கூடக் கம்மி பண்ணிவிட்டார்.

காலியாகக் கிடந்த கூண்டை ஓனரம்மா மறந்துவிட்டார். ஷமீம் அக்காவின் கறுப்புக் கோழி மறக்கவில்லை. அது பிறந்து வளர்ந்த வீடு. ஒரு மதியம் திறந்திருந்த கதவு வழியாக உரிமையோடு நடந்து வந்து, கூண்டுக்குள் உட்கார்ந்து, முட்டை போட்டுவிட்டு, போட்டதை ஊருக்கெல்லாம் கொக்கரித்துச் சொல்லிக்கொண்டே வெளியே வந்தது. சோபாவில் படுத்திருந்த சாம்பிள் பாய்ந்தது.

ஓனரம்மாவின் சத்தம் கேட்டு மாடியிலிருந்து ஓடி வந்தேன். சாம்பிள் முன்னங்கால் ஒன்றை ஊன்றித் தன்னைத் தானே இழுத்துக்கொண்டிருந்தது. பின்னங்கால்கள் ஈரத்துணி மாதிரி பின்னால் வந்தன. 

டாக்டரம்மா வந்தார். பாதத்தைக் கிள்ளினார், இன்னும் அழுத்திக் கிள்ளினார். சாம்பிள் மெதுவாகத் தலையைத் திருப்பிப் பார்த்தது. "உணர்ச்சி இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றார். பிறகு நிமிர்ந்து, "கூண்டுல இருந்த நாய்க்கு எப்டிம்மா இப்டி ஆவும்?" என்று கேட்டார்.

"கூண்டுலதான் இருந்துச்சி டாக்டரம்மா. உள்ளயே இருந்துச்சி. திடீர்னு இப்டி ஆய்டுச்சி."

டாக்டரம்மா எழுந்து போய்க் கூண்டுக்குள் கையை விட்டார். வெளியே எடுத்தபோது உள்ளங்கையில் ஒரு முட்டை இருந்தது.

"இதையும் சாம்பிள்தான் போட்டுச்சா?" என்றார்.

அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு பீறிட்டது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். ஓனரம்மா வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். நான் அவரைப் பதிலில்லாமல் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எங்கம்மாவும் ஷூ கம்பெனிதாம்மா" என்றார் டாக்டரம்மா. குரல் உயரவே இல்லை. "ஆடிட் பதில கேட்டுக் கேட்டு வளந்தவ நான். அப்டியும் ஏமாந்துட்டேன். நீங்க சொல்றத வெச்சுத்தான் நான் மருந்து குடுக்கறேன். நீங்க மாத்தி சொன்னா நான் கண்ண கட்டிக்கினு வைத்தியம் பாக்கறேன்னு அர்த்தம். இப்போதைக்கு அதால தானா ஒண்ணுக்குப் போவ முடியாது. வயித்த அமுக்கி நீங்கதான் எடுக்கணும். தானா போச்சின்னா நரம்பு திரும்புதுன்னு அர்த்தம். போவலன்னா போவலன்னு சொல்லுங்க. அந்த ஒரு விசயத்துலயாவது பொய் சொல்லாதீங்க. போச்சின்னு நீங்க சொல்லி நான் வுட்டுட்டா, உள்ளயே தேங்கி அது செத்துடும்."

ஓனரம்மா அழுதார். சேலைத் தலைப்பால் மூக்கைச் சிந்திக்கொண்டு, "சொல்றேன் டாக்டரம்மா, நெசத்தையே சொல்றேன்" என்றார். இதுவும் ஆடிட் பதிலோ என்று எனக்கு ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது. அவரைத் தெரிந்தவர்கள் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள்.

இல்லை, இந்த முறை நிஜம். அவர் படுக்கிற இரும்புக் கட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து, நாலு காலையும் சுற்றி வலை கட்டி, உள்ளே ரப்பர் ஷீட் போட்டு, சாம்பிளுக்கு ஒரு கோட்டை கட்டினார். ஆள் பக்கத்தில் இல்லாவிட்டால் அது கத்தும் என்பதால் தரையில் பாயைப் போட்டு அதன் பக்கத்திலேயே படுத்தார். பிரியாணி நின்றது. கூண்டு ஷமீம் அக்கா வீட்டுக்குத் திரும்பிப் போனது.

உண்மை பேசிப் பழக்கமில்லாதவர் பேச ஆரம்பித்தால் அளவு தெரியாது. தினமும் காலையில் வாசலில் நின்று போனில் டாக்டரம்மாவுக்கு ரிப்போர்ட் கொடுப்பார். "போவல டாக்டரம்மா! நான்தான் அமுக்குனேன். மஞ்சளா வந்துச்சி. நேத்தைக்கு இன்னிக்கி கொஞ்சம் கம்மி!" பால்காரர் சைக்கிளை நிறுத்திக் கேட்டுவிட்டுப் போவார். தெருவில் குழந்தைகள்கூட "இன்னிக்கிப் போச்சா ஆன்ட்டி?" என்று விசாரித்தன. "போவலடா கண்ணு" என்பார். உள்ளே வந்து என்னிடம், "நெசத்த சொல்றது வாய்க்குக் கசக்குதுடி. நீங்கல்லாம் எப்டி தெனமும் சொல்றீங்க?" என்று கேட்டார்.

மகனுக்கு மட்டும் பழைய பதில்தான். "நல்லா இருக்கேன், போட்டுட்டேன், பூட்டிட்டேன்." ஆனால் ஒரு நாள் அவன் வீடியோ கால் போட்டுவிட்டான். அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு கோணிக்கொண்டு நடப்பதைப் பார்த்துவிட்டான். "மாடி வூட்டுப் பொண்ணு வேலைக்குப் போய்டறா, நான்தான் அந்த நாயத் தூக்கி வுடறேன், லேசா புடிச்சிக்கினு இருக்குது" என்று இவர் சொல்லியிருக்கிறார். பத்து நிமிஷத்தில் எனக்குப் போன் வந்தது.

"சிஸ்டர், தப்பா நெனைக்காதீங்க. உங்க நாயால எங்கம்மா இடுப்பு போச்சு. ஒண்ணு, நாய வேற எடத்துல வுடுங்க. இல்லன்னா வேற வூடு பாருங்க. ஞாயித்துக்கிழம நேர்ல வர்றேன், பேசி முடிச்சிடலாம்."

என் வாழ்க்கையில் நான் வளர்க்காத நாய்க்காக வீடு காலி பண்ணும் நிலைமை. தடதடவென்று கீழே இறங்கிப் போய்க் கத்தினேன். ஓனரம்மா கலங்கவில்லை. சனிக்கிழமை ஷமீம் அக்காவையும் என்னையும் ஹாலில் உட்கார வைத்து ஒத்திகை நடத்தினார்.

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். நீட்டி முழக்கக் கூடாது. சிரிக்கக் கூடாது. மூஞ்சிய பாத்துப் பேசணும். நீ, 'இனிமே நானே தூக்கி வுடறேன்'னு சொல்லு. ஷமீம், நாய் எப்டி இருக்குதுன்னு கேட்டா இன்னா சொல்லுவ?"

"நல்லா நடக்குது தம்பி, நேத்துகூட எங்க வூட்டுப் படி ஏறி வந்துச்சி."

"படி வேணாம். நம்ப மாட்டான்."

"படி இல்லன்னா நல்லாவே இல்லக்கா. படி இருக்கட்டும்" என்றார் ஷமீம் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். பின்பக்கக் கதவைத் திறந்து வைத்திருந்தோம், சுவருக்கு அந்தப் பக்கம் ஷமீம் அக்கா தயாராக நின்றார். மகன் வந்ததும் கவிழ்ந்த கட்டிலைப் பார்த்தான், உள்ளே படுத்திருந்த சாம்பிளைப் பார்த்தான். சண்டை போடுவான் என்றுதான் நாங்கள் எதிர்பார்த்தோம். அவன் நல்ல பையன், அதுதான் கஷ்டமாகப் போய்விட்டது. குரலைத் தணித்துக்கொண்டு என்னிடம் பேசினான்.

"பாருங்க சிஸ்டர். இருக்கறதே மூணு கால். அதுலயும் ரெண்டு வேல செய்யல. இத இப்டி வெச்சிருக்கறது பாவம். ஒரு ஊசி போட்டா நிம்மதியா தூங்கிடும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கார், போன் பண்ணா இப்பவே வந்துடுவார். உங்க நாய். நீங்க சரின்னு ஒரு வார்த்த சொன்னா போதும்."

ஒத்திகையில் இந்தக் கேள்வி இல்லை. அந்த நிமிஷத்தில் எனக்கு உறைத்தது: அது என் நாய் என்றால், முடிவும் என்னுடையது. ஓனரம்மா அதில் வாயே திறக்க முடியாது. அவர் சொன்ன பொய்யே அவரை வெளியே நிறுத்திவிட்டது. நான் ஓனரம்மாவைப் பார்த்தேன்.

"அவள ஏன்டா கேக்கற?" என்றார் ஓனரம்மா. "அது அவ நாய் இல்ல. என் நாய்."

மகன் சிரித்தான். "சரிம்மா. அவங்களுக்காகப் பரிஞ்சி பேசாத."

"வந்த நாள்லேருந்து என் நாய்தான். ஒனக்குப் புடிக்காதுன்னு இவ தலையில கட்டிட்டேன். டாக்டரம்மா கூண்டுல வெக்க சொன்னாங்க, நான் சோபால வெச்சேன். உடம்பு எளைக்கணும்னாங்க, பிரியாணி போட்டேன். எல்லாத்துக்கும் பொய் சொன்னேன். அதுக்குக் கால் போனதே என்னாலதான்டா. இப்ப வயித்த அமுக்கி ஒண்ணுக்கு எடுக்கறது நான்தான். கட்டில அதுக்குக் குடுத்துட்டுத் தரையில படுக்கறேன். இடுப்பு உயிர் போவுது."

"தெனமும் நல்லா இருக்கேன்னு சொன்னியேம்மா!"

"நீ தெனமும் அதத்தானே கேட்ட" என்றார். "நல்லா இருக்கியான்னு கேப்ப. இருக்கேன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள ஒனக்கு அடுத்த போன் வந்துடும். நல்லா இல்லடா. பேச ஆளில்லாம நாக்கு ஒட்டிக்கினு கெடந்தேன். இது வந்தப்பறம்தான் காலைல எழுந்து ஒரு வார்த்த பேசறேன். ஊசி போட ஆள கூப்புடறதுன்னா, மொதல்ல என்னாண்ட வரச் சொல்லு."

மகன் தலையைக் குனிந்துகொண்டான். நான் ரப்பர் ஷீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அழுதுவிடுவேன் போலிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற ஷமீம் அக்காவுக்கு இந்த அமைதி வேறு விதமாகப் புரிந்திருக்கிறது. தன் முறை வந்துவிட்டது என்று நினைத்துத் தலையை நீட்டி, கணீரென்று சொன்னார்: "நல்லா நடக்குது தம்பி! நேத்துகூட எங்க வூட்டுப் படி ஏறி வந்துச்சி!"

மகன் திரும்பிக் கட்டிலுக்குள் கிடக்கிற நாயைப் பார்த்தான். அது தலையைத் தூக்கி ஷமீம் அக்காவைப் பார்த்தது. முதலில் யார் சிரித்தது என்று ஞாபகம் இல்லை. ஓனரம்மா அழுதுகொண்டே சிரித்தார். ஷமீம் அக்கா, "இன்னா ஆச்சு? படி வேணாம்னா சொல்லியிருக்கலாமில்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

சிரிப்பு அடங்கிய பிறகு மகன் கட்டில் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். பிறகு, "துண்டு எங்க? எப்டி தூக்கணும், காட்டு" என்றான்.

துண்டை வயிற்றுக்கு அடியில் கொடுத்து அவன் தூக்கினான். பின்பக்கம் செடிகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினான். "ஆட்டாதடா, முதுகு நேரா இருக்கட்டும். நான் அமுக்கறேன்" என்று ஓனரம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அவர் கை வயிற்றைத் தொடுவதற்கு முன்னால் சாம்பிள் உடம்பு லேசாக நடுங்கியது. அடுத்த நொடி மகனுடைய புது ஜீன்ஸ், முழங்காலிலிருந்து கீழே நனைந்துகொண்டே வந்தது.

"அய்யய்யோ, ச்சீ!" என்றான் மகன்.

"அசையாத!" என்று கத்தினார் ஓனரம்மா. "அசையாத, முழுசும் போவட்டும்! ஸ்தோத்திரம் ஆண்டவரே! தானா போவுதுடா! நான் தொடவே இல்ல! ஏ பொண்ணே, நீ பாத்தியா இல்லியா? நான் தொடவே இல்ல!"

போனில் டாக்டரம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "நெசமாவா? யார் பாத்தது?" என்று இரண்டு தரம் கேட்டார். ஓனரம்மா போனை மகன் கையில் திணித்தார். "என் மேலதான் போச்சு டாக்டர்" என்றான் அவன். அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

சாம்பிள் எழுந்து நிற்க அதற்குப் பிறகும் பல வாரம் ஆனது. நடந்தபோது சந்தைக்குப் போய்த் திரும்புகிற குடிகாரன் மாதிரிதான் நடந்தது. ஆனால் நடந்தது. இப்போது நான் ஊர் மாறி வேலூர்ப் பக்கம் பாகாயத்தில் இருக்கிறேன், ஓனரம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்கு அவரை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் மகன் பையை மாட்டிக்கொண்டு நின்றான். எப்போதும் "கெளம்புடா, ரயிலுக்கு நேரமாவுது" என்று துரத்துகிற அம்மா, அன்றைக்கு "போவாதடா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவன் பையை இறக்கி வைத்துவிட்டான்.

மறுநாள் காலையில் நான் கம்பெனிக்குக் கிளம்பிக் கீழே இறங்கியபோது, மகன் லுங்கியோடு ஹாலில் நின்று மேனேஜரிடம் போன் பேசிக்கொண்டிருந்தான். மேனேஜர் தமிழ்க்காரர் போலிருக்கிறது. ஓனரம்மா பக்கத்தில் உட்கார்ந்து, வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"முதுகு சார்" என்று முனகினான் மகன். குரலில் அப்படி ஒரு வலி. "டிஸ்க் பிதுங்கி நரம்ப அமுக்குதாம். எழுந்திருக்கவே முடியல. கம்ப்ளீட் ரெஸ்ட் சொல்லிட்டாங்க. ஆமா சார். படி ஏறக் கூடாது, சோபால ஏறக் கூடாது, குதிக்கக் கூடாது. ஆமா சார், குதிக்கவே கூடாதாம்."

நான் வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டேன். ஓனரம்மாவின் முகத்தில் வந்த அந்தப் பூரிப்பை எப்படிச் சொல்வது! மகனின் லுங்கியைப் பிடித்து இழுத்து, போனுக்குக் கேட்காமல் ரகசியமாகச் சொன்னார்:

"ஒண்ணுக்குத் தானா போவுதான்னு கேட்டா, போவுதுன்னு சொல்லுடா. இல்லன்னா பாக்க வந்துடுவாங்க."